விமிக் குன்றும் முள்வேலியும்

(முதல் உலகப் போரும் கனடியரும் என்ற பொருளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1914 ஜூலை 23ஆம் திகதி வன்கூவர் துறைமுகத்திலிருந்து கோமகட்டா மாரு என்ற கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. அதில் வந்தவர்கள் பஞ்சாபைச் சேர்ந்த 376 பேர். பெரும்பாலானோர் சீக்கியர். இரண்டு மாதமாகக் கரையைப் பார்த்தபடி கப்பலிலேயே இருந்தார்கள். 24 பேரைத் தவிர வேறு எவரையும் இறங்க விடவில்லை. கடைசியில் ரெயின்போ என்ற கனடியப் போர்க்கப்பலைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தித்தான் அவர்களை வெளியேற்றினார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஓகஸ்ட் 4ஆம் திகதி, பிரித்தானியா ஜேர்மனிமீது போர் அறிவித்தது. பிரித்தானியா போரில் இறங்கினால் கனடாவும் இறங்கியதாகவே அர்த்தம். ஒட்டாவாவை யாரும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அடுத்த ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு வெளியே, கனடியப் படைப்பிரிவு ஜேர்மனியரின் குளோரின் வாயுவுக்கு நடுவே நின்று போராடியது. நாலு நாள் கழித்து அதே முனையில் எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்டது இந்தியாவின் லாகூர் டிவிஷன். அதில் சீக்கியச் சிப்பாய்கள் இருந்தார்கள். எந்த மண்ணின் மக்களைக் கனடா தன் கரையில் இறங்க விடவில்லையோ, அந்த மண்ணின் பிள்ளைகள் கனடியருக்குத் தோள்கொடுக்க அந்த நச்சுவெளியில் நடந்தார்கள்.

அந்தப் போரைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு காட்சிகளையும் பிரிக்கக்கூடாது என்பது என் கட்சி. கனடியப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரப்படும் கதை பெரும்பாலும் போர்க்களத்தோடு நின்றுவிடுகிறது. போர்க்களத்தில் கனடா தன் சாதாரண மனிதரை நம்பப் பழகியது. அதே ஆண்டுகளில் வீட்டில் தன் சொந்தக் குடிமக்களைச் சந்தேகிக்கப் பழகியது. இரண்டும் ஒரே அரசு, ஒரே அமைச்சரவை செய்த காரியங்கள்.

முதலில் போர்க்களத்துக்குப் போவோம்.

1914இல் கனடாவின் மக்கள்தொகை சுமார் 80 இலட்சம். நிரந்தர இராணுவம் என்று இருந்தது ஏறத்தாழ 3,000 பேர். கியூபெக் நகருக்கு அருகே வல்கார்ட்டியே என்ற இடத்தில் ஒரு முகாமை அவசர அவசரமாகக் கட்டி, ஒக்டோபர் தொடக்கத்திலேயே 30,000க்கு மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிவிட்டார்கள். அந்த முதல் அணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிரித்தானியாவில் பிறந்தவர்கள். போர் முடிவதற்குள் சுமார் 6,20,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 60,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய கனடாவில் இந்தக் கணக்குத் தொடாத ஊர் இல்லை.

அவர்கள் கையில் கொடுத்தனுப்பிய துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரோஸ் ரைஃபிள் என்பது அதன் பெயர். கனடாவிலேயே செய்தது. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் பரிசு வாங்கித்தரும் துப்பாக்கி அது; நீண்ட குழல், அருமையான துல்லியம். ஆனால் அகழியின் சேறு பட்டால், அடுத்தடுத்துச் சுட்டு உலோகம் சூடேறினால், அதன் பூட்டு இறுகிவிடும். ஈப்ரேயில் வாயு மேகம் வந்துகொண்டிருந்தபோது சிப்பாய்கள் துப்பாக்கியை நிலத்தில் ஊன்றி, சப்பாத்துக் குதியால் அந்தப் பூட்டை உதைத்துத் திறந்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்துத் திறந்தார்கள். ஒரு குண்டு சுட ஓர் உதை. இறந்துகிடந்த பிரித்தானியச் சிப்பாய்களின் லீ என்ஃபீல்ட் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு தங்களுடையதை எறிந்தவர்கள் பலர். போர்முனையிலிருந்து முறைப்பாடுகள் வந்தபடியே இருந்தன. போர்த்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் விட்டுக்கொடுக்கவில்லை. கனடியத் துப்பாக்கி என்ற பெருமை அவருக்கு. 1916இல்தான் அந்தத் துப்பாக்கி முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஹியூஸும் பதவியிழந்தார். நாட்டுப்பற்று என்ற பெயரில் ஓர் அமைச்சர் பிடித்த பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருபது வயதுப் பையன்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து விமி. 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கட்கிழமை விடிகாலை. வட பிரான்சில் இருக்கும் நீண்ட குன்று அது. அதற்கு முன் பிரெஞ்சுப் படை அங்கே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை இழந்திருந்தது. நாலு கனடிய டிவிஷன்களும் முதன்முதலாகச் சேர்ந்து தாக்கின. நாலு நாளில் குன்று கைக்கு வந்தது. 3,598 கனடியர் இறந்தார்கள், ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

வெற்றி எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். தாக்குதலுக்கு வாரக்கணக்கில் முன்பே, போர்முனைக்குப் பின்னால் திறந்தவெளியில் நாடா கட்டி, ஜேர்மன் அகழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைந்து, ஒவ்வொரு பிரிவையும் அதன்மேல் திரும்பத் திரும்ப நடக்கவைத்தார்கள். நமது பீரங்கிக் குண்டுகள் ஒரு திரைபோல முன்னால் விழும். மூன்று நிமிடத்துக்கு நூறு யார் என்று அந்தத் திரை முன்னேறும். அதன் பின்னாலேயே அளந்து நடக்கவேண்டும். முந்தினால் நம் குண்டு, பிந்தினால் எதிரியின் குண்டு. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து சுரங்கங்கள் வெட்டினார்கள். அந்தச் சுரங்கச் சுவரில் யாரோ ஒரு சிப்பாய் செதுக்கிய மேப்பிள் இலையை இன்றும் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதுவரை அதிகாரிகளிடம் மட்டும் இருந்த வரைபடம் சாதாரணச் சிப்பாயின் கைக்கு வந்தது. அதிகாரி விழுந்தால் சார்ஜன்ட், சார்ஜன்ட் விழுந்தால் கோப்ரல், அவரும் விழுந்தால் பக்கத்தில் நிற்கும் பண்ணைப் பையன் அணியைக் கொண்டுபோகவேண்டும் என்பது திட்டம். அப்படியே நடந்தும் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில் கனடியப் படை முழுவதுக்கும் தளபதியான ஆர்தர் கறி, போருக்கு முன் விக்ரோறியா நகரில் பள்ளி ஆசிரியராகவும் பிறகு காணி விற்பவராகவும் இருந்தவர். பரம்பரைப் படைத்தலைவர் அல்லர்.

விமியில் ஒரு தேசம் பிறந்தது என்று சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. அன்றைக்குத் தளபதியாக இருந்தவர் ஜூலியன் பிங் என்ற ஆங்கிலேயர். பீரங்கிகளில் பெரும்பகுதி பிரித்தானியருடையவை. குன்றேறியவர்களில் கணிசமானோர் பிரித்தானியாவில் பிறந்தவர்கள். பிரெஞ்சு பேசுவோரின் படையணி என்று ஒன்றே ஒன்றுதான் அங்கே இருந்தது. என் மதிப்பில் விமியின் பெருமை வேறு. கீழ்ப்படிய மட்டுமே கற்பிக்கப்பட்ட மனிதரின் கையில் வரைபடத்தைக் கொடுத்து, உன் புத்தியையும் பயன்படுத்து என்று ஓர் இராணுவம் சொன்னதே, அதுதான் பெரிய காரியம்.

இனி வீட்டுக்கு வருவோம்.

மேற்குக் கனடாவின் புல்வெளிகளை உழவென்று போருக்கு முந்திய இருபது ஆண்டுகளில் கனடா பெரும் விளம்பரம் செய்து குடியேற்றியவர்களில் உக்ரேனியர் முக்கியமானவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் கலிசியா, புக்கோவினா என்ற பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அப்பகுதிகள் அன்று ஒஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தன. போர் வந்ததும் அவர்கள் 'எதிரி நாட்டார்' ஆகிவிட்டார்கள். 80,000க்கு மேற்பட்டோர் பொலிசில் பதிந்து, ஒழுங்காகப் போய் ஒப்பமிடவேண்டியிருந்தது. உக்ரேனியர் உட்பட 8,579 பேர் நாடெங்கும் அமைத்த 24 முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வேவு பார்த்தார்கள் என்பதற்காக அல்ல. பலர் வேலையிழந்து கையில் காசில்லாமல் நின்றதே காரணம். சிலரோடு அவர்களின் மனைவியரும் குழந்தைகளும் முள்வேலிக்குள் போனார்கள். பான்ஃப் தேசியப் பூங்காவில் வீதி வெட்டியவர்கள் அவர்கள். ஒரு கனடியச் சிப்பாயின் நாட்சம்பளம் 1 டொலர் 10 சதம். முகாமில் வேலை செய்தவருக்கு நாளுக்கு 25 சதம். போர் 1918இல் முடிந்தது. கடைசி முகாம் மூடப்பட்டது 1920இல்.

இங்கே ஒருவரைச் சொல்லவேண்டும். பிலிப் கொனொவால், உக்ரேனியர். 1917 ஓகஸ்டில் லான்ஸ் நகருக்கு அருகே 70ஆம் குன்றுச் சமரில் காட்டிய வீரத்துக்காக விக்ரோறியா சிலுவை பெற்றவர். அவர் பிறந்தது உக்ரேனின் ரஷ்யப் பகுதியில். ரஷ்யா அன்று நேச நாடு. ஆகவே அவர் கனடியச் சிப்பாய் ஆகமுடிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால், அதே மொழி பேசிய அந்த மனிதரைத் துப்பாக்கி ஏந்திய கனடியர் ஒருவர் முகாமில் காவல் காத்திருப்பார். பேரரசின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்ற கொனொவால் பிற்காலத்தில் ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்தார்.

சந்தேகம் ஊர்ப் பெயர்களையும் விடவில்லை. ஒன்ராறியோவில் ஜேர்மன் வம்சத்தார் நிறைந்திருந்த பேர்லின் என்ற நகரம் 1916இல் கிச்சனர் ஆனது. இன்று நம் உறவினர் பலர் குடியிருக்கும் அதே கிச்சனர்தான்.

1917இல் வாக்குரிமைக்கும் இதே கதி. விமியின் இழப்பை ஈடுசெய்யத் தானாக முன்வருவோர் தொகை போதவில்லை. பிரதமர் றொபேர்ட் போர்டன் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தேர்தல் முன்னால் நின்றது. அதற்கு முன் அவசரமாக இயற்றப்பட்ட போர்க்காலத் தேர்தல் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. படைவீரரின் தாய், மனைவி, சகோதரி, மகள் ஆகியோருக்கு வாக்குரிமை தந்தது. எதிரி நாட்டில் பிறந்து 1902 மார்ச்சுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில் பெரும்பாலானோரிடமிருந்து வாக்குரிமையைப் பறித்தது. மத நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களையும் சேர்த்து நீக்கியது.

இதை ஒரு வீதியில் வைத்துப் பாருங்கள். முதல் வீட்டுப் பெண்ணுக்கு வாக்குண்டு, மகன் பிரான்சில் இருக்கிறான். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இல்லை, அவளுக்குப் பிறந்தவை எல்லாம் சின்னக் குழந்தைகள். மூன்றாம் வீட்டு விவசாயி பத்து ஆண்டாகக் கனடியக் குடிமகன், கடந்த தேர்தலில் வாக்களித்தவர். இந்த முறை அவர் பெயர் பட்டியலில் இல்லை. அரசு யாருக்குச் சாதகமாக வாக்கு விழும் என்று கணக்குப் பார்த்து வாக்காளரைத் தெரிந்தெடுத்தது என்பதே என் தீர்ப்பு. கனடிய மகளிரில் பலர் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது இந்தச் சட்டத்தால் என்பது உண்மை. 1918இல் பெரும்பாலான பெண்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது. ஆனால் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் நின்றார்கள்; ஏறத்தாழ 3,000 தாதியர் படையோடு போனார்கள்; லண்டவரி காசில் என்ற மருத்துவமனைக் கப்பல் 1918 ஜூனில் மூழ்கடிக்கப்பட்டபோது அதிலிருந்த 14 கனடியத் தாதியரும் மாண்டார்கள். ஒரு பெண்ணின் வாக்குக்கு அவளுடைய மகனின் சிப்பாய் எண்ணை அத்தாட்சியாகக் கேட்டது நியாயமே அல்ல.

போர்டன் வென்றார். நாடு பிளந்தது. வில்பிரட் லோறியேயின் லிபரல் கட்சிக்குக் கிடைத்த 82 ஆசனங்களில் 62 கியூபெக்கில் கிடைத்தவை. ஒன்ராறியோப் பள்ளிகளில் பிரெஞ்சுக் கல்வியைச் சில ஆண்டு முன்புதான் ஒடுக்கியிருந்தார்கள். எங்கள் மொழியை இங்கே மிதித்துவிட்டு, ஐரோப்பாவில் சின்ன நாடுகளின் உரிமைக்காகச் சாகக் கூப்பிடுகிறீர்களா என்று கியூபெக் கேட்டதில் என்ன தவறு? 1918 ஈஸ்டர் நாட்களில் கியூபெக் நகரில் கலவரம் வெடித்தது. ஒன்ராறியோவிலிருந்து படையைக் கொண்டுபோய் இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நாலு பொதுமக்கள் இறந்தார்கள்.

ஆனால் பழியைக் கியூபெக்மீது மட்டும் போடுவோருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கட்டாயச் சேவைக்கு முதல் பிரிவாக அழைக்கப்பட்ட சுமார் நாலு இலட்சம் இளைஞரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விலக்குக் கேட்டு விண்ணப்பித்தார்கள். நாடு முழுவதும்! விவசாயிகளின் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு என்று தேர்தலுக்கு முன் தந்த வாக்கை அரசு 1918 ஏப்ரலில் மீறியது; மே மாதம் ஒன்ராறியோ, கியூபெக் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டாவாவுக்குத் திரண்டார்கள். இத்தனை பிளவுக்குப் பிறகு, கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 24,000 பேர். 

1917 டிசம்பர் 6ஆம் திகதி போர் நேராகவே கனடாவின் வாசலுக்கு வந்தது. ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய மொன் பிளாங் என்ற கப்பல், இமோ என்ற கப்பலோடு மோதித் தீப்பற்றியது. கப்பல் எரிவதைக் கண்ணாடி யன்னல்களில் நின்று பார்த்தார்கள் மக்கள். வெடித்தபோது நகரின் வடபகுதி தரைமட்டம். சுமார் 2,000 பேர் இறந்தார்கள், 9,000 பேர் காயமடைந்தார்கள், கண்ணாடித் துண்டுகளால் பலர் பார்வையிழந்தார்கள். ரயில்வேத் தந்தி ஊழியர் வின்ஸ் கோல்மன் ஓடித் தப்பியிருக்கலாம். வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தச் செய்தி அனுப்பவேண்டும் என்று மேசைக்குத் திரும்பினார், இறந்தார். மறுநாள் பனிப்புயல்.

இனி, நம்பிச் சேர்ந்தும் நம்பப்படாதவர்களிடம் வருகிறேன்.

கறுப்பினக் கனடியர் சேரப் போனபோது இது வெள்ளையரின் போர் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1916 ஜூலையில் நோவா ஸ்கோஷியாவின் பிக்ரோ நகரில் அவர்களுக்கென 2ஆம் கட்டுமானப் படையணி அமைந்தது. துப்பாக்கிக்குப் பதில் கோடரியும் மண்வெட்டியும். பிரான்சின் ஜூரா மலைக்காடுகளில் மரம் வெட்டினார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2022இல்.

பிரான்சிஸ் பெகமகாபோ, ஒஜிப்வா இனத்தவர், ஹியூரன் ஏரிக்கரையின் பரி தீவைச் சேர்ந்தவர். போர் தொடங்கிய மாதத்திலேயே சேர்ந்து, ஈப்ரே முதல் கடைசி வரை நின்றார். குறிபார்த்துச் சுடுவதிலும் ஒற்றறிவதிலும் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். மூன்று முறை இராணுவப் பதக்கம் பெற்றார். ஊர் திரும்பியதும் மறுபடி அரசின் 'இந்தியன் ஏஜன்ட்' சொல்வதைக் கேட்டு வாழவேண்டிய ஆள் ஆனார். 1952இல் இறந்தார். தங்கள் பூர்வகுடி அந்தஸ்தை விட்டுக்கொடுக்காமலே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவருடைய மக்களுக்கு வந்தது 1960இல்.

மசுமி மிட்சுயியின் கதையை நான் எங்கே போனாலும் சொல்வதுண்டு. ஜப்பானில் பிறந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறியவர். அந்த மாகாணத்தில் ஜப்பானியருக்கு வாக்கு இல்லை, படையில் இடமும் இல்லை. மலை தாண்டி அல்பேர்ட்டா போய்ச் சேர்ந்தார்கள் அவரும் நண்பர்களும். இப்படிச் சேர்ந்த ஜப்பானியக் கனடியர் 200க்குச் சற்று மேல், அவர்களில் 54 பேர் திரும்பவில்லை. 70ஆம் குன்றுச் சமரில் மிட்சுயி இராணுவப் பதக்கம் பெற்றார். திரும்பி வந்து கோழிப்பண்ணை வைத்தார். வாக்குரிமைக்காக அவரும் பிற முன்னாள் வீரர்களும் மாகாணச் சட்டசபைப் படியேறினார்கள்; 1931இல் அவர்களுக்கு மட்டும், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், அது கிடைத்தது. அடுத்த போரின்போது, 1942இல், ஜப்பானியக் கனடியர் எல்லோரையும் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். அந்தப் பதக்கம் பெற்றவரையும், குடும்பத்தோடு. பண்ணையை அரசு எடுத்து விற்றுவிட்டது. இறந்த தோழர்களுக்காக வன்கூவரின் ஸ்டான்லி பூங்காவில் எழுப்பிய தூணின் விளக்கையும் அணைத்துவிட்டார்கள். 1985இல் அதை மறுபடி ஏற்றியவர் மிட்சுயிதான். 1987இல் 99 வயதில் காலமானார். அரசு மன்னிப்புக் கேட்டது 1988 செப்டெம்பரில்.

போரின் பின்பு கனடா வேர்சேய் ஒப்பந்தத்தில் தன் கையால் ஒப்பமிட்டது. 1939இல் நாடாளுமன்றத்தைக் கூட்டி, பிரித்தானியாவுக்கு ஒரு வாரம் கழித்து, தானே முடிவெடுத்துப் போர் அறிவித்தது. உலக அரங்கில் அது பெரிய வளர்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் வரைபடம் கையில் வாங்கிப் பழகிய சிப்பாய்கள் திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது விலைவாசியும் வேலையின்மையும், ஏறத்தாழ 50,000 கனடியரைக் கொன்ற ஸ்பானிஷ் ஃபுளூக் காய்ச்சலும். 1919 மே மாதம் வின்னிப்பெக்கில் 30,000 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர்வலத்தின் முன்னால் நடந்தவர்களில் முன்னாள் படைவீரர் பலர். ஜூன் 21ஆம் திகதி குதிரைப் பொலிஸ் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். தலைவர்களை வேற்று நாட்டுக் கிளர்ச்சிக்காரர் என்று தூற்றினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பிரித்தானியாவில் பிறந்தவர்கள். சந்தேகிக்கப் பழகிய கைக்கு, எதிரே நிற்பது யார் என்ற கவலை இருப்பதில்லை.

நண்பர்களே, நவம்பர் மாதம் நாமும் நம் பிள்ளைகளும் நெஞ்சில் பொப்பிப் பூக் குத்துகிறோம். குத்தவேண்டும். அந்த 60,000 பேர் அதற்கு உரியவர்கள். அதே நாளில் பிள்ளைகளுக்குப் பெகமகாபோவையும் மிட்சுயியையும் சொல்லிக்கொடுங்கள். கோடையில் பான்ஃபுக்கு ஏரி பார்க்கப் போகும் குடும்பங்கள் பல இந்த அவையில் இருக்கின்றன. பெருந்தெருவை விட்டு விலகி, 'போ' பள்ளத்தாக்கின் பழைய வீதியில் போனால், காசில் மலை அடிவாரத்தில் ஒரு முகாம் இருந்த இடம் வரும். அங்கே அடைபட்டிருந்தவர்களின் நினைவாக ஒரு சிலை நிற்கிறது. வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி, அங்கே எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள்.